படத்துக்கு வாழ்த்து, புலம்பலுக்கு மௌனம்

நம் எல்லோருக்கும் இப்படியொரு நண்பர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கோவாக் கடற்கரை விடுதி ஒன்றின் நீச்சல்குளம் நீலமாக மின்னும். அடுத்த படத்தில், பெயர் சொல்லத் தெரியாத உணவு ஒன்று பெரிய வெள்ளைத் தட்டின் நடுவே சிறிதாக அமர்ந்திருக்கும். செவ்வாய்க்கிழமை காலை அதே நண்பர், பழைய வகுப்புத் தோழர்களின் குழுவில், "இந்த மாதத்தை எப்படித் தள்ளப்போகிறேனோ தெரியவில்லை; சம்பளம் வந்த மூன்றாம் நாளே கை காலி" என்று எழுதுவார். வியாழக்கிழமை, புதிய கைப்பேசியின் பெட்டியைப் பிரிக்கும் காணொளி. சனிக்கிழமை, விலைவாசியைப் பற்றியும் வருமான வரியைப் பற்றியும் ஒரு நெடும் புலம்பல்.

இதைக் காணும்போது நமக்கு எரிச்சல் வருகிறது, வருவது இயல்பே. திரையில் கீறல் விழுந்த கைப்பேசியை இன்னும் ஓராண்டு ஓட்டலாம் என்று தீர்மானித்தவர், பிள்ளையின் கல்லூரிச் செலவை எண்ணி விடுமுறைப் பயணத்தைத் தள்ளிப்போட்டவர், மாதந்தோறும் தொடர் வைப்புக்குப் பணம் போன பிறகே மற்றச் செலவுகளைத் தொடங்குகிறவர் ஆகியோரின் சிக்கனத்தை எவரும் படம் எடுத்துப் போடுவதில்லை. அவர்களும் போடுவதில்லை. எனவே, செலவழித்துக் காட்டுகிறவரே பணமில்லை என்றும் சொல்லும்போது, சேமிப்பவருடைய உழைப்பே கேலிக்கு உள்ளாவதுபோல் தோன்றுகிறது.

ஆயினும், எந்த உணர்ச்சியையும் ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுவது நல்லது என்பது வங்கிப் பணியில் நாம் கற்ற பழக்கம். இந்த எரிச்சலை அவ்வாறு கணக்குப் பார்த்தபோது, எதிர்பாராத பாக்கி ஒன்று நம் பெயரிலேயே நின்றது. அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாற்பதாயிரம் ரூபாயும் ஒரு துலிப் தோட்டமும்

வாடிக்கையாளரின் கணக்கைப் பற்றி வெளியில் வாய் திறப்பதில்லை என்று பணியில் சேரும் நாளிலேயே கையெழுத்திட்டுக் கொடுத்தவர்கள் நாம். ஆகவே இங்கே சொல்லப்போவது வாடிக்கையாளரின் கதையன்று. கல்லூரி நண்பர் ஒருவரின் கதை. அவருடைய இசைவைப் பெற்றே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்ச் மாத இறுதி. ஆண்டுக் கணக்கு முடிக்கும் பரபரப்பில் கிளை மூழ்கியிருந்த நேரம். புனேயிலிருந்து நண்பர் தொலைபேசியில் அழைத்தார். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய் குறைகிறது என்றார். ஒரு மாதத்தில் திருப்பித் தந்துவிடுவதாகவும் சொன்னார். இருபதாண்டுக்கு மேற்பட்ட நட்பு. பள்ளிக் கட்டணம் என்ற பிறகு கேள்வி கேட்க மனம் வரவில்லை. நம் மகனின் படிப்புக்கென்று தனியே எடுத்து வைத்திருந்த தொகையிலிருந்து ஏப்ரல் இரண்டாம் தேதி அனுப்பினோம்.

பன்னிரண்டு நாள் கழித்து, முலுண்டுக்குத் திரும்பும் மாலை ரயிலில் நின்றபடியே கைப்பேசியைத் திறந்தால், ஸ்ரீநகரின் துலிப் தோட்டம். வரிசை வரிசையாகச் சிவப்பும் மஞ்சளும். நடுவே நண்பரின் குடும்பம், காஷ்மீரி உடையில். அடுத்த படம் தால் ஏரியில் ஒரு ஷிகாரா. அதற்கடுத்தது குல்மார்க் பனியில் பிள்ளைகள். குழுவில் இருந்த அறுபது பேரில் ஏறக்குறைய எல்லோரும் வாழ்த்தியிருந்தார்கள். நாமும் கட்டைவிரலை உயர்த்தும் குறியொன்றை இட்டோம். இட்டுவிட்டு, வீடு வரும் வரை மனத்துக்குள் வைதுகொண்டே வந்தோம்.

அன்றிரவு வீட்டில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்போம். நம் பணத்தில் துலிப் பார்க்கிறார் என்றோம். பள்ளிக் கட்டணம் என்று சொன்னது பொய்யாக இருக்கும் என்றோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட மனைவி, "இவ்வளவு கோபம் இருப்பவர், அந்தப் படத்துக்கு எதற்கு வாழ்த்துப் போட்டீர்கள்?" என்று கேட்டார். பதில் இல்லை.

மே மாதம் அலுவலக வேலையாக மும்பை வந்த நண்பர், தாமே நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கோப்பு. அதில் இரண்டு கடன் அட்டைகளின் மாதாந்தரக் கணக்கு விவரங்கள். "நீ வங்கியில் இருப்பவன். இதைப் படித்து எனக்கு விளங்கச் சொல்" என்றார்.

காகிதங்களைப் படித்தபோது கதை வேறாக இருந்தது. காஷ்மீர்ப் பயணம் முந்திய நவம்பரிலேயே பதிவு செய்யப்பட்டது. விலை 1,20,000 ரூபாய், பன்னிரண்டு தவணை. அப்போது அவருடைய நிறுவனத்தில் ஊக்கத்தொகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஜனவரியில் அது நின்றது. அந்த மாதம் முதல் கடன் அட்டைக்குக் 'குறைந்தபட்சத் தொகை' மட்டுமே செலுத்தி வந்திருக்கிறார். பயணத்தை ரத்து செய்யலாமே என்றால், செய்தாலும் பெரும்பகுதி திரும்ப வராது, தவணையும் நிற்காது. மகளின் பள்ளிக் கட்டண இரசீதும் அதே கோப்பில் இருந்தது. நாம் பணம் அனுப்பிய மறுநாள் தேதியிட்ட இரசீது.

பள்ளிக் கட்டணமும் உண்மை. துலிப் தோட்டமும் உண்மை. நாம்தான் ஒன்றை உண்மை என்று வைத்து மற்றதைப் பொய் என்று முடிவு கட்டியிருந்தோம்.

"கஷ்டம் என்று அப்போதே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் இது: "சொன்னேனே! குழுவில் மூன்று தடவை எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. படம் போட்டேன், அறுபது பேரும் வாழ்த்தினீர்கள்."

அவர் போன பிறகு குழுவின் பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தோம். ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் இரண்டு. முதலாவதற்குக் கீழே ஒருவர், "புதுக் கார் வாங்கியவன் பேசுகிற பேச்சா இது?" என்று எழுதியிருந்தார். அதற்குக் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று பதிலாக இடப்பட்டிருந்தது. இட்டவர் நாம்.

ஒரு பக்கம் மட்டுமே உள்ள பேரேடு

வணிகவியல் மாணவருக்கு முதலாண்டில் முதற்பாடமாக வருவது இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் ஈடாக ஒரு வரவு இருந்தே தீர வேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் சொத்துகள் ஒரு பக்கம் என்றால், அவை எந்தப் பணத்தால் வந்தன என்பதைச் சொல்லும் பொறுப்புகள் மறுபக்கம். இரண்டு பக்கமும் கூடி நின்றால்தான் அது கணக்கு.

சமூக ஊடகத்தில் நாம் காண்பது ஒரு பக்கம் மட்டுமே உள்ள பேரேடு. காரின் படம் வரும். ஏழாண்டுத் தவணை வராது. நகையின் படம் வரும். அது அடகுக்குப் போன நாள் வராது. படம் போடுகிறவர் பொய் சொல்வதில்லை, பாதியைச் சொல்கிறார். மறுபாதி அவருடைய புலம்பலில் இருக்கிறது. ஆக, நம்மை எரிச்சலூட்டும் அந்தப் புலம்பல்தான் உண்மையில் விடுபட்ட பக்கம். படத்தையும் புலம்பலையும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று கொள்ளாமல், ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்று சேர்த்துப் படித்தால் பல நண்பர்களின் நிலைமை விளங்கிவிடும்.

அந்த மறுபக்கம் எப்படி வளர்கிறது என்பதையும் சற்று விளக்க வேண்டும். கடன் அட்டையில் வாங்கிய பொருளுக்கு முழுத் தொகையையும் கெடு நாளுக்குள் செலுத்திவிட்டால் வட்டி இல்லை. வாங்கிய நாளைப் பொறுத்து 20 முதல் 50 நாள் வரை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் முழுத் தொகையைச் செலுத்தாமல் ஒரு பகுதியை மட்டும் செலுத்தினால், பாக்கிக்கு வட்டி ஏறுவதோடு, புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் அந்த இலவச நாள்கள் பறிபோகின்றன. இன்று வாங்கும் காய்கறிக்கு இன்றிலிருந்தே வட்டி.

ஓர் எளிய கணக்கு. பாக்கி ஒரு லட்சம் ரூபாய். வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று கொண்டால், நண்பர் செலுத்துவது 5,000 ரூபாய். அதில் 3,500 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி 630 ரூபாய். அசலில் குறைவது 870 ரூபாய். அட்டைக்கு அட்டை விகிதமும் கணக்கிடும் முறையும் சற்றே மாறலாம், போக்கு இதுதான். ஐயாயிரம் ரூபாயைக் கஷ்டப்பட்டுப் புரட்டிக் கட்டிவிட்டு, கடனைச் செலுத்திவிட்டதாக ஒருவர் நிம்மதி அடைகிறார். அவருடைய கடன் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 'குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும்' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை, ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி ஒவ்வொரு கணக்கு விவரத்திலும் அச்சாகிறது. அதைப் படித்தவர்களைக் காண்பது அரிது. நம் நண்பரும் படித்திருக்கவில்லை.

'செலவில்லாத் தவணை' என்பதும் அப்படித்தான். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறது. விற்பவர் வட்டிக்கு ஈடான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார். வங்கி வட்டியை வசூலிக்கிறது. அந்த வட்டியின் மீதான வரியும், பரிசீலனைக் கட்டணம் இருந்தால் அதுவும் வாங்குகிறவர் தலையில் விழுகின்றன. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியும் போகிறது. தவணையில் வாங்குவது குற்றமன்று. ஆனால் அது செலவில்லாதது என்று நம்பி வாங்குவது பிழை.

இது புதிய நோயன்று

செலவழித்துக் காட்டும் ஆசையை இணையம் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்லன் 1899-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி நூல் எழுதினார். பொருளின் பயனுக்காக அல்லாமல், பிறர் பார்வைக்காகவே செலவிடும் செல்வந்தரின் பழக்கத்துக்கு அவர் ஒரு பெயரும் சூட்டினார். அதைத் தமிழில் 'பகட்டு நுகர்வு' எனலாம். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1949-இல், ஜேம்ஸ் டூசன்பெரி என்ற மற்றோர் அமெரிக்கர் இன்னும் கூர்மையாக ஒன்றைச் சொன்னார். ஒரு குடும்பம் எவ்வளவு செலவிடும் என்பது அதன் வருமானத்தை மட்டும் பொறுத்ததன்று. தன்னைச் சூழ்ந்தவர்கள் எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது என்றார். ஒருமுறை உயர்ந்துவிட்ட செலவுப் பழக்கம், வருமானம் குறைந்த பிறகும் எளிதில் இறங்குவதில்லை என்றும் அவர் காட்டினார். ஊக்கத்தொகை நின்ற பிறகும் செலவைக் குறைக்க இயலாத நம் நண்பரின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நம்மவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். கே. பாலசந்தர் இயக்கி 1967-இல் வெளிவந்த 'பாமா விஜயம்' திரைப்படத்தை வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் நடிகையின் முன் தம்மைச் செல்வந்தராகக் காட்டிக்கொள்ள முயலும் நடுத்தரக் குடும்பம் ஒன்று கடனில் விழுவதுதான் கதை. அடுத்த ஆண்டே அது தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டது. மொழி மாறினாலும் நடுத்தரக் குடும்பத்தின் இந்தப் பலவீனம் மாறவில்லை என்பதால்தான், சென்னையில் சிரித்த அதே கதைக்குப் பம்பாயிலும் சிரித்தார்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான். அன்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கத்து வீடு. அதிகம் போனால் ஒரு தெரு. பக்கத்து வீட்டில் புதிய குளிர்பதனப் பெட்டி இறங்குவதைக் கண்டவர்கள், மாதக் கடைசியில் அதே வீட்டார் கைமாற்று கேட்டு வருவதையும் கண்டார்கள். பேரேட்டின் இரு பக்கமும் தெருவுக்குத் தெரிந்திருந்தது. இன்று ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருப்பவை நூற்றுக்கணக்கான வீடுகள். அத்தனையிலும் தெரிவது முன்வாசல் மட்டுமே.

வங்கிகளின் பங்கு

இதையெல்லாம் சொல்லும்போது வங்கியாளர்களாகிய நாமும் கண்ணாடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 'உங்களுக்காக முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட தனிநபர் கடன் காத்திருக்கிறது' என்று பண்டிகைக்கு முன் குறுஞ்செய்தி அனுப்புவது யார்? முன்பு கடன் கேட்க ஒருவர் கிளைக்கு வர வேண்டும். மேலாளரின் எதிரில் உட்கார்ந்து, எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி சிலருக்குச் சங்கடமாக இருந்தது; பலரைக் காப்பாற்றவும் செய்தது. இன்று இரவு பதினோரு மணிக்குப் படுக்கையில் இருந்தபடியே கடன் வாங்கிவிடலாம். எதற்கு என்று கேட்க எதிரில் எவரும் இல்லை.

நாட்டுக் கணக்கிலும் இதன் சாயல் உண்டு. ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவரங்களின்படி, குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21-இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 11 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. 2022-23-இல் சுமார் 5 சதவீதமாகச் சரிந்தது. முன்னது பெருந்தொற்றுக் காலம். செலவழிக்க வழியே இல்லாததால் சேமிப்பு உயர்ந்திருந்தது. பின்னதில், வீடும் வாகனமும் வாங்கப் பெற்ற கடன்களும் அடங்கும். எனவே சரிவு முழுவதையும் பகட்டின் மேல் ஏற்றுவது நியாயமாகாது. ஆயினும், பிணையில்லாத் தனிநபர் கடன்களும் கடன் அட்டை நிலுவைகளும் வளர்ந்த வேகம் ரிசர்வ் வங்கியையே கவலைகொள்ளச் செய்தது. 2023 நவம்பர் 16 அன்று தனிநபர் கடன்கள் போன்ற நுகர்வுக் கடன்களுக்கான இடர் மதிப்பை அது 100 சதவீதத்திலிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. அதாவது, இத்தகைய கடனை வழங்கும் வங்கி கூடுதல் மூலதனத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். வீடு, கல்வி, வாகனம், நகை ஆகியவற்றுக்கான கடன்களுக்கு அந்த உயர்வு இல்லை. எந்தக் கடன் எத்தகையது என்பதை அந்த ஒரு பட்டியலே சொல்லிவிடுகிறது.

2024 அக்டோபர் முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கையை வாடிக்கையாளரிடம் தருவது கட்டாயமாகியுள்ளது. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை அதில் பார்க்கலாம். கையெழுத்திடும் முன் அந்த ஓர் எண்ணையாவது படிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.

நம் வீட்டுப் படம்

நண்பரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது முறையன்று. முலுண்டில் நாம் வீடு வாங்கியபோது, புதுமனை புகுவிழாவின் படங்களைக் குழுவில் போட்டோம். வாசலில் மாவிலைத் தோரணம், பால் பொங்கும் பாத்திரம், பால்கனியிலிருந்து தெரியும் மலை. அந்த வீட்டின் மேல் இருபதாண்டுக் கடன் இருக்கிறது என்று எழுதவில்லை. அதே ஆண்டில் அதே குழுவில், வங்கி ஊழியர்களின் ஊதிய ஒப்பந்தம் தள்ளிக்கொண்டே போகிறது என்று எத்தனை முறை அங்கலாய்த்திருப்போம்! அவற்றைப் படித்து எரிச்சலடைந்த தோழர் ஒருவர் இருந்திருப்பார். எதிரே சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

ஆகவே, செலவைக் காட்டுவதும் குறையைச் சொல்வதும் ஏதோ சிலருடைய குணக்கேடு என்று கொள்வதற்கில்லை. மகிழ்ச்சியைப் பகிர விரும்புவது மனித இயல்பு. கவலையைச் சொல்ல விரும்புவதும் இயல்பு. கேட்பவர்களாகிய நாம் ஒன்றுக்கு உடனே கைதட்டுகிறோம். மற்றதைக் கேட்டும் கேளாததுபோல் கடந்துவிடுகிறோம். படத்துக்குப் பலன் உண்டு, புலம்பலுக்கு இல்லை என்று தெரிந்துகொண்ட நண்பர், மேலும் படங்களையே போடுகிறார். பிறகு அவர் பகட்டுக்காரர் என்று நாம் சலித்துக்கொள்கிறோம்.

"அப்படியானால் எல்லோரும் நம் நண்பரைப் போன்ற அப்பாவிகள்தாமா?" என்று வாசகர் கேட்கலாம். இல்லை. வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தராமலே அடுத்த பயணத்தைப் பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சேமித்த பணத்தில் பயணம் போய், யாரிடமும் குறை சொல்லாமல் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னவரிடம் நமக்கு வழக்கே இல்லை, வாழ்த்த வேண்டியதுதான். முன்னவரிடம் கண்டிப்பாக இருக்க வேண்டியதுதான். ஆனால் ஒருவர் எந்த வகை என்பதைப் படத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். நாம் செய்யாதது அந்த ஒன்றைத்தான்.

இனி என்ன செய்யலாம்?

முதலாவது, குழுவில் ஒருவர் பணக்கஷ்டம் என்று எழுதினால், குழுவிலேயே கேலி பேசாமல், தனியே அழைத்து "என்ன சிக்கல்?" என்று கேட்கலாம். பெரும்பாலும் அவருக்கு வேண்டியது நம் பணமாக இராது. தம் கடன்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்க ஒரு துணையாக இருக்கும். எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடைக்க வேண்டும் என்பது நமக்கு எளிய விஷயம். கவலையில் இருப்பவருக்கு அது தோன்றுவதில்லை.

இரண்டாவது, பணம் கொடுப்பதாக இருந்தால், திரும்பி வராவிட்டாலும் குடும்பம் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுக்க வேண்டும். திருப்பும் முறையைக் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். வங்கிக் கணக்கின் வழியே அனுப்ப வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் பெறுவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாகலாம்.

மூன்றாவது, ஜாமீன் கையெழுத்து. "வெறும் கையெழுத்துதானே" என்று நண்பர்கள் சொல்வார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. வங்கி ஜாமீன்தாரரிடம் நேரடியாகவே கேட்கலாம். அந்தக் கடன் அவருடைய கிரெடிட் அறிக்கையிலும் ஏறும். எனவே நண்பரின் கணக்கின் இரு பக்கத்தையும் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. பார்க்கக் கேட்பது நட்புக்கு இழுக்கன்று. காட்ட மறுப்பதே இழுக்கு.

நான்காவது, நம்மைப் பற்றியது. அடுத்த பயணத்தின் செலவை அது முடிந்த பிறகு பன்னிரண்டு மாதம் கட்டுவதற்குப் பதிலாக, அதற்கு முன் பன்னிரண்டு மாதம் கட்டலாம். மாதம் 6,000 ரூபாய் தொடர் வைப்பில் போட்டால் ஓராண்டில் 72,000 ரூபாயும் வட்டியும் கையில் நிற்கும். பூ அதே பூதான். திரும்பி வந்த பிறகு கட்ட வேண்டிய பாக்கி மட்டும் இராது.

நம் நண்பர் அன்று நம் உணவு மேசையில் உட்கார்ந்து கடன்களை எழுதிப் பார்த்தார். மனைவியின் இசைவோடு இரண்டு வளையல்களை வங்கியில் வைத்து நகைக்கடன் பெற்றார். வட்டி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம். அந்தப் பணத்தால் 42 சதவீத அட்டைப் பாக்கிகள் இரண்டையும் அடைத்தார். அட்டைகளில் ஒன்றை ரத்து செய்தார். நமக்குத் தர வேண்டிய நாற்பதாயிரத்தை மாதம் ஐயாயிரமாக எட்டு மாதத்தில் தந்து முடித்தார். கடைசித் தவணை வந்த அன்று, வளையல்களை மீட்ட செய்தியையும் சேர்த்துச் சொன்னார். அந்த வளையல்களுக்குப் படம் எதுவும் வரவில்லை.

சென்ற மாதம் அதே குழுவில் வேறொரு தோழர், வீட்டு வாடகை ஏறிவிட்டது, மூச்சுத் திணறுகிறது என்று எழுதினார். போன தீபாவளிக்கு எழுபத்தைந்து அங்குலத் தொலைக்காட்சியின் படம் போட்டவர் அவர். பழைய மஞ்சள் முகம் விரல் நுனி வரை வந்தது. அதை விட்டுவிட்டு, அவருடைய எண்ணை அழைத்தோம். புனே நண்பர் அதற்குள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். இணைப்பு கிடைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.